முகப்பு நிற்கிறது, கடை எங்கே?

ஒரு பழைய கடை முகப்பை அளந்து வரையப் போன குழுவோடு இரண்டு நாள் கூடவே இருந்தேன். கட்டடத்தை இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்பப் போகிறார்கள் என்று பேச்சு. அதற்குள் இருப்பதை இருக்கிறபடி காகிதத்தில் பதிந்துவிட வேண்டும் என்பது குழுவின் அவசரம். எனக்குக் கிடைத்த வேலை சின்னதுதான். வாசலின் இரு பக்கமும் நிற்கிற வார்ப்பிரும்புத் தூண்களின் அடியில் பெயின்டைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். பழைய பெயின்டில் ஈயம் கலந்திருக்கும் என்பதால் ஈரப்படுத்திக்கொண்டு, மூக்கை மூடிக்கொண்டுதான் செய்யச் சொன்னார்கள். மேலே பச்சை. அதற்கடியில் பழுப்பு. அதற்கும் அடியில் மறுபடி ஒரு பச்சை, இன்னும் கருமையாக. அரை மணி நேரம் போனதும் கணுக்கால் உயரத்தில் எழுத்துகள் புடைத்துக்கொண்டு வந்தன. தூணை வார்த்த பட்டறையின் பெயர்.

கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினோம். குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். "தினம் இதைத் தாண்டித்தான் உள்ளே போறேன், கண்ணுல பட்டதே இல்லையே" என்றார். நாங்கள் அளப்பதையும் எழுதுவதையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், உள்ளே திரும்பும்போது சொன்னார்: "தம்பி, கதவு, கண்ணாடி, தூணு எல்லாம் எழுதிக்கிறீங்க. என் லீஸ் வர்ற வருஷம் முடியுது. அதையும் எழுதிக்குங்க."

எங்கள் படிவத்தில் அதற்கு இடம் இல்லை.

அந்தப் பேச்சை அப்புறம் பல நாள் மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். பழைய முகப்புகளைக் காப்பாற்ற ஊர் கூடுகிற கதைகளை அதுவரை ஆசையாகத் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். அன்றைக்குப் பிறகு அவற்றையே திரும்பப் படித்தபோது, எல்லாவற்றிலும் ஒரே கேள்வியைத்தான் தேடினேன். முகப்பு பிழைத்ததா என்பதோடு நிறுத்தாமல், உள்ளே இருந்தவர் என்ன ஆனார் என்று.

முதலில் முகப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அதன் மேல் எனக்கு இருக்கிற பிரியம் குறையவில்லை.

நூறு நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய கடை முகப்பு ஒன்றின் எதிரில் நின்று கீழிருந்து மேலாகப் பாருங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வேலை இருக்கும். கண்ணாடிக்குக் கீழே முழங்கால் உயரத்துக்கு ஒரு மரப்பலகைத் தடுப்போ ஓடு பதித்த திண்டோ இருக்கும். தெருவின் சேறும் நடப்பவர்களின் கால்களும் கண்ணாடியில் படாமல் இருக்கவும், உள்ளே வைக்கும் சரக்கு பார்க்கிறவர் கண்ணுக்கு நேராக வரவும் அந்தத் திண்டு. அதற்கு மேல் பெரிய கண்ணாடி. கதவு மட்டும் தெரு ஓரத்தில் இல்லாமல் இரண்டு மூன்று அடி உள்வாங்கியிருக்கும். மழைக்கு ஒதுங்க இடம் கிடைக்கும், கதவைத் திறந்தால் தெருவில் போகிறவர் மேல் இடிக்காது. அதைவிட முக்கியம், வாசல் உள்வாங்குவதால் இரண்டு பக்கமும் கண்ணாடி வளைந்து உள்ளே வருகிறது. கடையின் அகலம் கூடாமலே சரக்கு வைத்துக் காட்டும் நீளம் கூடிவிடுகிறது.

கண்ணாடிக்கு மேலே, கதவின் தலைக்கும் மேலே, சின்னச் சின்னச் சதுரக் கண்ணாடிகள் வரிசையாக இருந்தால் அவற்றை விட்டுவிடாதீர்கள். பல கடைகளில் அவை பட்டகக் கண்ணாடிகள். நாலு அங்குலச் சதுரம், உள்பக்கம் வரிவரியாகப் பட்டகம் வார்த்திருக்கும். மேலிருந்து விழும் வானத்து வெளிச்சத்தைத் திருப்பி, கடையின் கடைசி அலமாரி வரைக்கும் அனுப்பும். மின்விளக்கு விலையேறிய சங்கதியாக இருந்த காலத்தில் அதுதான் பகல் விளக்கு. அமெரிக்காவில் 1890களின் கடைசியில் லக்ஸ்பர் என்ற நிறுவனம் இதைப் பெரிய அளவில் விற்றது. அவர்களுக்காக 1897இல் சதுரங்களின் மேல் பூவேலைப்பாடு வரைந்து வடிவக் காப்புரிமை வாங்கிய இளைஞர்தான் பின்னால் உலகப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட். மின்சாரம் மலிந்ததும் இந்தச் சதுரங்களுக்கு மேல் பெயின்ட் அடித்தார்கள், பலகை அடித்தார்கள், முன்னால் பெரிய பெயர்ப்பலகை மாட்டினார்கள். அதனாலேயே பல இடங்களில் உடையாமல் மிஞ்சியிருக்கின்றன.

இப்படி மூடி மறைத்ததால் பிழைத்தவை நிறைய. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, புறநகர் அங்காடிகளோடு போட்டி போட, பழைய கடைத்தெருக்களில் கட்டடம் முழுக்க அலுமினியத் தகடு போர்த்துகிற பழக்கம் அமெரிக்காவில் பரவியது. ஐம்பது வருடம் கழித்து ஒருவர் துணிந்து தகட்டைக் கழற்றினால் உள்ளே செங்கல் வேலைப்பாடும் ஜன்னல் வளைவும் அப்படியே இருக்கின்றன, ஆணி அடித்த ஓட்டைகள் மட்டும் புதிதாக. அதனால் பார்த்தவுடன் "இங்கே காப்பாற்ற ஒன்றும் இல்லை" என்று யாராவது சொன்னால் நான் உடனே ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏணி போட்டு, ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

சரி, இடிப்பு அறிவிப்பு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஊர் எப்படி எழுகிறது? பெரும்பாலும் தாமதமாகத்தான். தினமும் பார்க்கிற ஒன்று இல்லாமல் போகும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. நியூயார்க்கில் 1910இல் திறந்த பென்சில்வேனியா ரயில் நிலையம் கடை இல்லைதான், ஆனால் இந்தப் பாடத்துக்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை. 1962 ஆகஸ்டில் கட்டடக் கலைஞர்கள் பதாகை பிடித்து அதன் வாசலில் நின்றார்கள். திட்டம் அதற்குள் எவ்வளவோ தூரம் போயிருந்தது, இடிப்பைத் தடுக்க நகரத்திடம் சட்டமும் இல்லை. 1963 அக்டோபரில் இடிக்கத் தொடங்கினார்கள். பழைய அடையாளக் கட்டடங்களைக் காக்கிற சட்டம் 1965 ஏப்ரலில் வந்தது. இன்று அந்த நகரத்தில் காப்பாற்றப்பட்டு நிற்கும் எத்தனையோ வாசல்களுக்கு அந்த ரயில் நிலையம் விலை கொடுத்திருக்கிறது.

லண்டனின் ஸ்பிட்டல்பீல்ட்ஸ் பகுதியில் 1977இல் நடந்தது எனக்கு மிகவும் பிடித்த கதை. பதினெட்டாம் நூற்றாண்டில் பட்டு நெசவாளர்கள் வாழ்ந்த தெருக்கள் அவை. எல்டர் தெருவில் இரண்டு வீடுகளை இடிக்கத் தொடங்கியபோது, ஒரு சிலர் உள்ளே புகுந்து குடியேறிவிட்டார்கள். வந்தவர்களில் கட்டட வரலாற்று ஆய்வாளர்களும் உண்டு. குளிரில், முறையான கூரை இல்லாத வீட்டில், முறை வைத்துக் காவல் இருந்தார்கள். அந்த வீடுகள் இன்றும் நிற்கின்றன. அங்கிருந்து பிறந்த அறக்கட்டளை, போராட்டத்தோடு கலைந்துவிடாமல், சிதைந்த வீடுகளைத் தானே வாங்கிப் பழுது பார்த்து, இனிக் காப்போம் என்று ஒப்புக்கொள்கிறவர்களுக்கு விற்றது. உள்ளே உட்கார்ந்த தைரியத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அதைவிட, அதற்குப் பிறகு வருடக்கணக்கில் பார்த்த பத்திரவேலையும் கொத்துவேலையும்தான் பெரிதாகத் தெரிகிறது.

இங்கே பலர் தடுக்கி விழுகிற ஓர் இடம் உண்டு. "பட்டியலில் சேர்த்துவிட்டோம், இனிக் கவலை இல்லை" என்பார்கள். எந்தப் பட்டியல் என்று கேட்க வேண்டும். அமெரிக்காவின் தேசியப் பதிவேட்டில் ஒரு கட்டடம் இடம்பெற்றாலும், உரிமையாளர் தன் சொந்தப் பணத்தில் அதை இடிப்பதை அந்தப் பதிவேடு தடுக்காது. அது ஒரு மரியாதை. கூடவே ஒரு வரிச்சலுகைக்கு வழி: வருமானம் தருகிற கட்டடத்தை விதிப்படி புதுப்பித்தால் செலவில் 20 சதவீதத்தை வரியில் கழித்துக்கொள்ளலாம். இடிப்பை நிறுத்துகிற அதிகாரம் உள்ளூர் நகராட்சியின் சட்டத்துக்குத்தான் உண்டு. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் மேல் உயரமான கட்டடம் எழுப்ப நகரம் அனுமதி மறுத்தபோது, அந்த உள்ளூர் அதிகாரம் செல்லுமா என்று கேட்டுத்தான் அதன் உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1978இல் நீதிமன்றம் நகரத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மேலே கட்ட முடியாமல் போன உயரத்தை அருகிலுள்ள வேறு மனைகளுக்கு மாற்றிக்கொள்ள வழி இருந்ததையும் அந்தத் தீர்ப்பு கணக்கில் எடுத்துக்கொண்டது. உரிமையாளரைத் திட்டுவதோடு நிற்காமல், அவருக்கு என்ன ஈடு கொடுக்கலாம் என்று யோசிக்கிற ஊர்தான் நீண்ட வழக்கில் ஜெயிக்கிறது என்பது என் எண்ணம். ஈடும் இல்லை, வழியும் இல்லை என்றால் உரிமையாளர் இடிக்கக்கூட வேண்டியதில்லை. கூரையில் நாலு ஓடு விலகினதைக் கவனிக்காமல் விட்டால் போதும், மழை பார்த்துக்கொள்ளும்.

இப்போது அந்தக் கடைக்காரர் சொன்னதற்கு வருகிறேன்.

பார்சிலோனாவில் பழைய கடைகள் பலவற்றுக்கு மிகக் குறைந்த பழைய வாடகை இருந்தது. 1994ஆம் வருடச் சட்டம் அந்த ஒப்பந்தங்களுக்கு இருபது வருட அவகாசம் கொடுத்தது. அது முடிந்த நாள் 2014 டிசம்பர் 31. இருபது வருடம் என்பது நீண்ட காலம்போலத் தோன்றும். கடைசி வருடத்தில்தான் ஊர் விழித்தது. தலைமுறை தலைமுறையாக நடந்த கடைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. நகராட்சி அவசரமாக அடையாளக் கடைகளுக்கு ஒரு பட்டியல் போட்டு, முகப்பையும் மர அலமாரிகளையும் காத்தது. அப்படிக் காத்த சில முகப்புகளுக்குப் பின்னால் இன்று வேறு வேறு வியாபாரம் நடக்கிறது. அலமாரி இருக்கிறது, அதில் சரக்கை அடுக்கத் தெரிந்தவர் இல்லை.

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் 1966ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ரத்தாகி 2000ஆம் ஆண்டு பிறந்தபோது அதன் காவல் முழுவதும் போய்விட்டது. கீழே கடை, மேலே வீடு என்று வாழ்ந்த குடும்பங்கள் வாடகை தாங்காமல் கிளம்பின. 2008இல் யுனெஸ்கோ அந்த நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பெருமைக்கு எட்டு வருடத்துக்கு முன்பே மனிதர்கள் வெளியேறத் தொடங்கிவிட்டார்கள். இந்த வருடங்களை அடுத்தடுத்து எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது: கட்டடத்துக்கு ஆபத்து வருவதற்கு முன்பே கடைக்கு வந்துவிடுகிறது. அது பெரும்பாலும் ஒரு தபாலில் வருகிறது, தெருவில் யாருக்கும் தெரிவதில்லை.

சியோல் நகரத்துக் கதை இன்னும் வலிக்கும். உல்ஜிரோ பகுதியில் 1980இல் தொடங்கிய சின்ன பீர் கடை ஒன்று, 'உல்ஜி ஓபி பேர்' என்று பெயர். அந்தச் சந்தே பின்னால் பெயர் பெற்றதற்கு அந்தக் கடை ஒரு காரணம். 2018இல் அரசாங்கம் அதை 'நூறாண்டுக் கடை' என்று அங்கீகரித்தது. நூறு வருடம் நடக்கத் தகுதியான கடை என்று பொருள். அதே கடைக்கு வாடகை ஒப்பந்தம் நீளவில்லை. வழக்கில் தோற்றார்கள். காலி செய்ய ஆட்கள் வந்தபோதெல்லாம் பக்கத்துக் கடைக்காரர்களும் வாடிக்கையாளர்களும் குறுக்கே நின்று பலமுறை தடுத்தார்கள். 2022 ஏப்ரல் 21 அன்று விடியற்காலையில் வந்து காலி செய்துவிட்டார்கள். நூறாண்டுக்கென்று கொடுத்த பட்டம் நாலே வருடம் தாங்கியது. பட்டம் கொடுத்த அலுவலகத்துக்கும் குத்தகைச் சட்டத்துக்கும் நடுவில் ஒரு பாலம் இருந்திருந்தால் போதும்.

இதற்காக முகப்பையும் அலமாரியையும் காக்கிற சட்டம் வீண் என்று சொல்ல வரவில்லை. புரூக்ளினின் கேஜ் அண்ட் டோல்னர் என்ற உணவகத்தை நினைத்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. 1879இல் தொடங்கி, 1892இல் புல்டன் தெருவில் இப்போதுள்ள இடத்துக்கு வந்தது. உள்ளே இரண்டு பக்கச் சுவரிலும் செர்ரி மரச் சட்டமிட்ட வளைவுக் கண்ணாடிகள் எதிரெதிரே நீண்டு போகும். கண்ணாடிகளுக்கு இடையில் புடைப்பு வேலைப்பாடு செய்த கெட்டியான சுவர்த்தாள். மேலே எரிவாயு விளக்குகள். 1974இல் வெளிமுகப்பையும் அடுத்த வருடமே உள்கூடத்தையும் நகரம் நினைவுச் சின்னமாக அறிவித்தது. 2004இல் வியாபாரம் மூடிவிட்டது. அதன் பிறகு அந்தக் கூடத்தில் துரித உணவுச் சங்கிலிக் கடைகள் வந்தன, மலிவு நகைக் கடை வந்தது. கண்ணாடிகளுக்கு முன்னால் தற்காலிகச் சுவர் எழுப்பிச் சரக்கு மாட்டினார்கள். ஆனால் சட்டம் இருந்ததால் யாரும் எதையும் பிடுங்கிப் போடவில்லை. பதினேழு வருடம் அந்த மரமும் கண்ணாடியும் இருந்த இடத்திலேயே நின்றன. அப்புறம் மூன்று பேர் சேர்ந்து, பொதுமக்களிடமிருந்தும் சிறு சிறு முதலீடுகளாகத் திரட்டி, சுவரை உடைத்தார்கள். 2021இல் அதே பெயரில் அதே கூடம் திறந்தது. உள்கூடத்துக்கும் பாதுகாப்பு கேட்டு வாங்கிய 1975ஆம் வருடத்து மனிதர்களுக்கு நான் கை கூப்புகிறேன்.

எல்லா இடத்திலும் அப்படி ஒருவர் வந்து சேர்வார் என்று காத்திருக்க முடியாது. அதனால் வாடகைச் சீட்டிலேயே கை வைத்த ஊர்களைத்தான் இப்போது அதிகம் படிக்கிறேன். சான் பிரான்சிஸ்கோ 2015இல் மரபுக் கடைகளுக்கு ஒரு பதிவேடு தொடங்கியது. பொதுவாக முப்பது வருடம் நடந்திருக்க வேண்டும், அந்தப் பகுதியின் வரலாற்றிலோ அடையாளத்திலோ அதற்கு இடம் இருக்க வேண்டும். கட்டடம் அழகாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அதே வருடம் நவம்பரில் மக்கள் வாக்களித்து ஒரு நிதியும் ஏற்படுத்தினார்கள். அதில் எனக்குப் பிடித்த பகுதி இது: அப்படிப்பட்ட கடைக்குப் பத்து வருடமோ அதற்கு மேலோ குத்தகை கொடுக்கிற கட்டட உரிமையாளருக்கும் மானியம் உண்டு. எதிரியாக நிறுத்தக்கூடியவரைப் பங்காளியாக்கிவிட்டார்கள். லிஸ்பனில் 2012ஆம் வருட வாடகைச் சட்டம் பழைய கடைகளை நெருக்கியபோது, நகராட்சி வரலாற்றுக் கடைகளை அடையாளம் கண்டு பட்டியலிட்டது. 2017இல் போர்ச்சுகல் நாட்டுச் சட்டமே அப்படி அங்கீகாரம் பெற்ற கடைகளின் குத்தகைக்குக் கூடுதல் பாதுகாப்புக் கொடுத்தது.

எல்லாவற்றையும்விட உறுதியான வழி ஊரே வாங்கிவிடுவது. இங்கிலாந்தில் 2011ஆம் வருடச் சட்டம் ஒன்றின்படி, ஓர் இடத்தைச் சமூகச் சொத்து என்று பதிவு செய்துவிட்டால், அது விற்பனைக்கு வரும்போது ஊர்க்குழு பணம் திரட்டி விலை கேட்க ஆறு மாதம் வரை விற்பனை நிற்கும். லண்டனின் நன்ஹெட் பகுதியில் ஐவி ஹவுஸ் என்ற மதுக்கூடம் 2012இல் மூடப்பட்டபோது அக்கம்பக்கத்தார் அதைத்தான் செய்தார்கள். நாட்டிலேயே முதலில் பதிவான சமூகச் சொத்து அது. கடனும் மானியமும் போக, முந்நூற்றெழுபது பேருக்கு மேல் பங்கு வாங்கினார்கள். 2013இல் கதவு திறந்தது. ஆறு மாதம் என்பது பணம் திரட்டக் கொடூரமாகக் குறைந்த காலம். முன்கூட்டியே பதிவு செய்தவர்களுக்குத்தான் அந்த ஆறு மாதம்கூட.

நியாயமான மறுப்பு ஒன்றையும் கேட்டிருக்கிறேன். வீடு இல்லாமல் மக்கள் தவிக்கும்போது ஒரு பழைய கதவுக்காக நூறு குடியிருப்பை நிறுத்தலாமா என்று. கூடாது என்றே நினைக்கிறேன். பழையது எல்லாமே புனிதம் என்று வாதாடுகிறவர்கள், உண்மையாகக் காக்க வேண்டியவற்றையும் சேர்த்துப் பலவீனப்படுத்துகிறார்கள். ஆனால் இரண்டில் ஒன்றுதான் என்ற நிலை அபூர்வம். சிங்கப்பூர் 1989இல் தன் பழைய கடைவீடுகளை வட்டாரம் வட்டாரமாகப் பாதுகாப்பில் கொண்டுவந்தது. சில வட்டாரங்களில் கட்டடத்தின் முன்பகுதியைக் காத்துக்கொண்டு பின்னால் உயர்த்திக் கட்டவும் விதியிலேயே இடம் வைத்திருக்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ளாதது ஒரே ஒரு செங்கல் தடிமனுக்கு முன்சுவரை மட்டும் இரும்புச் சாரத்தில் முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு, பின்னால் அனைத்தையும் வழித்தெடுக்கிற வேலையை. அப்படிப்பட்ட சுவரில் ஜன்னல் ஓரிடத்தில் இருக்கும், உள்ளே புதிய தளம் அந்த ஜன்னலின் நடுவில் வெட்டிக்கொண்டு போகும். ஒரு முறை பார்த்துவிட்டால் மறக்காது.

அந்த இரண்டாம் நாளுக்கு வருகிறேன். காலையில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக் கல்லாவின் மேல் வைத்தார். குத்தகைப் பத்திரம். மடிப்புகளில் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. கையெழுத்துப் போட்ட நாளுக்குப் பிறகு அதை முழுக்கப் படித்ததே இல்லை என்றார். எங்கள் குழுவில் பத்திரம் படித்துப் பழகிய ஒரு பெண்மணி இருந்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, பக்கம் பக்கமாகப் படித்து, நாலாம் பக்கத்தில் விரலை வைத்தார். முடிவு நாளுக்கு ஆறு மாதம் முன்பாக எழுத்தில் கேட்டால் மேலும் ஐந்து வருடம் நீட்டிக்கலாம் என்று ஒரு வரி. விரல்விட்டு எண்ணினோம். அந்த ஆறு மாதக் கெடுவுக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது.

அளவு நாடாவைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டோம். அவர் தன் பில் புத்தகத்துக்குக் கீழேயிருந்து ஒரு வெள்ளைத்தாளை உருவினார். அந்த அம்மா சொல்லச் சொல்ல அவர் கைப்படவே எழுதினார், இரண்டு பிரதி. பதிவுத் தபாலில் அனுப்ப அவரோடு நானும் போனேன்.